கோழி ஏறிய சவாரி

ஒரு லாயத்தில் ஒரு பெண்குதிரையும் வெள்ளாட்டுக் கிடாவும் இருந்தன. மூன்று மாதமாகக் குதிரை, நீளக் கயிற்றில் கட்டுண்டு மணலில் வட்டம் சுற்றிப் பழகியது. இன்றுதான் முதன்முதலாக ஆளைச் சுமந்து, குறுக்கே வைத்த கம்பத்தைத் தாண்டப்போகிறது. கம்பம் விழுந்தால் போட்டிக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். பதற்றத்தில் குதிரைக்குக் கால் தரையில் பாவவில்லை.

“இதுக்கா மூணு மாசம்? நான் பொறந்த வாரமே தாண்டினவன், தாயி,” என்றது கிடா.

சவாரிக்காரி ஏறினாள். குதிரை ஓடியது, எழும்பியது, அவள் அலுங்காமல் அந்தப் பக்கம் இறங்கியது. கம்பம் அசையவே இல்லை. குதிரை சந்தோஷத்தில் கனைத்துத் தீர்த்தது.

“நானும் ஆளோட தாண்டுறேன், பாரு,” என்று கிடா ஒரு கோழியை முதுகில் ஏற்றிக்கொண்டு பாய்ந்தது.

“எப்படி, தாண்டிட்டமா?”

“நீ தாண்டிட்டண்ணே,” என்றது கோழி, மணலை உதறியபடி. “நான் இன்னும் இந்தப் பக்கந்தான் இருக்கேன்.”