ஒரு மீட்டர் ஆழம்

மழை விடும்வரை அந்த ஆள் எதிர்க்கடை ஓரமாகவே ஒதுங்கி நின்றார். விட்ட பிறகும் குடையை மடக்கவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி விளக்குக் கடைக்குள் வந்தார். அட்டைமேல் இவ்வளவு பக்தியா என்று கடைக்காரர் வியந்து முடிப்பதற்குள் அது அவர் மூக்குக்கு நேரே நீண்டது.

பெயர். அதன் கீழே, தரப் பரிசோதனை அதிகாரி. அதற்கும் கீழே வட்டமாக அரசு முத்திரை.

கடைக்காரரின் பார்வை தானாகப் பின்னால் போனது.

சுவரோரம் முந்நூறு பெட்டிகள். பூங்கா நீரூற்றுக்கு என்று கான்ட்ராக்டர் சாயங்காலம் வந்து எடுத்துப்போக வேண்டிய சரக்கு. உள்ளே இருந்தவையோ கண்ணாடி அலமாரிக்குள் சுகமாக எரிய வேண்டிய எல்.ஈ.டி. விளக்குகள். ஐ.பி. என்ற பாதுகாப்புத் தர எண் இருபது. அதாவது, விரல் நுழையாது. தண்ணீர் தாராளமாக நுழையும். ஆனால் ஒவ்வொன்றின் முதுகிலும் ஐ.பி. அறுபத்தெட்டு என்று நீல எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். அடித்துக் கொடுத்தவன் மச்சினன். சின்ன அச்சகம் வைத்திருக்கிறான். யார் எதைக் கேட்டாலும் அடிப்பான். எதற்கு என்று கேட்கமாட்டான்.

"மாமா, ஸ்டிக்கரை மட்டும் நனைய விடாதீங்க. மை ஓடிரும்" என்று கொடுக்கும்போதே சொல்லியிருந்தான்.

"தண்ணிக்குள்ள போற வெளக்குடா அது."

"வாங்குறப்ப எவன் முக்கிப் பாக்கப் போறான்?"

இதோ, ஒருவர் வந்துவிட்டார்.

"அறுபத்தெட்டுன்னா என்னன்னு தெரியுமா முதலாளி?" அதிகாரி ஒரு பெட்டியைப் பிரித்தார்.

"நல்ல வெளக்குன்னு அர்த்தம் சார்."

"முதல் நம்பர் தூசிக்கு. ஆறுன்னா துளி தூசி உள்ள போகாது. ரெண்டாவது தண்ணிக்கு. அஞ்சுன்னா பைப்பால பீச்சி அடிச்சாலும் தாங்கும். ஏழுன்னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் கெடக்கும். எட்டு அதுக்கும் மேல. மீன் மாதிரி அங்கேயே குடும்பம் நடத்தும்."

"நம்ம வெளக்கு நடத்தும் சார்."

"பாத்துருவோம். எட்டெல்லாம் வேண்டாம், ஏழு பாஸானாலே போதும். டிரம் இருக்கா?"

இருந்தது. பின்பக்கத்திலிருந்து இடுப்புக்குமேல் உயரம் வரும் வெள்ளை டிரம் ஒன்றைக் கடைக்காரரே உருட்டி வந்து, குழாயைச் செருகி, விளிம்புவரை நிரப்பினார். தன் குழியைத் தானே வெட்டுகிறவன்கூட நடுவில் இளைப்பாறுவான். பயம் இவரை அதற்கும் விடவில்லை. அதிகாரி மட்டும் தண்ணீர் தெறிக்காத தூரத்தில், அட்டையைப் பொத்தியபடியே நின்றார்.

விளக்கைப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் மாட்டி, ஒயரைப் பிடித்து அடிவரை இறக்கினார் கடைக்காரர். எரிந்தது.

"அணைஞ்சா என்ன சார் ஆகும்?"

"லைசென்ஸ் ரத்து. கடைக்கு சீல். முந்நூறு பெட்டியும் என் வேன்ல ஏறும்."

மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கதவைக்கூடக் கடைக்காரர் அப்படிப் பார்த்ததில்லை. ஐந்து நிமிடம். எரிந்தது. பத்து நிமிடம். எரிந்தது. பதினைந்தில் ஒருமுறை சிமிட்டியது. கடைக்காரரின் உயிரும் கூடவே சிமிட்டியது. மறுபடி பளிச்சென்று எரிந்தது.

இருபதாவது நிமிடத்தில் அவருக்கே தன் சரக்கின்மேல் மரியாதை வந்துவிட்டது. இவ்வளவு நல்ல விளக்குக்கு அநியாயமாக இருபது போட்டுவிட்டானே கம்பெனிக்காரன் என்று கோபம்கூட வந்தது.

"டீ சொல்லட்டுமா சார்?" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

அதிகாரியின் முகம் சுண்டிப்போயிருந்தது. "இன்னும் நேரம் இருக்கு."

அப்போதுதான் தண்ணீருக்குள் ஒரு நீல நூல் எழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. டிரம்முக்குள் யாரோ ஊதுவத்தி ஏற்றிவைத்தது போல, நீலம் சுருள் சுருளாக மேலே வந்தது.

"என்னய்யா இது?"

"வெளக்கு எரியுது பாருங்க சார்."

"வெளக்கை யார் கேட்டா? ஸ்டிக்கர் எங்க போச்சு?" அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தண்ணியில வாழவேண்டிய வெளக்குக்குத் தண்ணியில கரையற ஸ்டிக்கரு. எந்தக் கம்பெனிக்காரன் இப்படி ஒட்டுவான்? சொந்த அச்சுதானே?"

கடைக்காரருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த ஸ்டிக்கரைவிட நன்றாகவே ஒட்டியது.

"முந்நூறையும் வேன்ல ஏத்துங்க. லேபுக்குப் போகணும்."

"ரசீது ஏதாவது..."

"சீல் வைக்கப்போற கடைக்கு ரசீது எதுக்கு? ஒழுங்கா ஏத்துனா சீல் வைக்கிறதைப் பத்தி யோசிக்கலாம்."

பதினாறு வருஷக் கடை. கடைக்காரர் முதல் பெட்டியைத் தூக்கினார்.

"சாட்சியை நானே எடுத்துக்கறேன்" என்று அதிகாரி வெற்றிக் களிப்பில் இரண்டு கையாலும் ஒயரைப் பற்றி, டிரம்முக்கு மேல் குனிந்தார். வந்ததிலிருந்து முதன்முறையாக, அட்டையைப் பொத்த அவருக்குக் கை மிச்சமில்லை. அது நாடாவோடு சரிந்து தண்ணீருக்குள் இறங்கியது.

முத்திரை முதலில் போனது. அடுத்து பதவி. கடைசியாகப் பெயர். கீழே விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்ததால் எல்லாம் தெளிவாகவே தெரிந்தது: அதே நீலம், அதே சுருள்.

கடைக்காரர் பெட்டியை நிதானமாகக் கீழே வைத்தார்.

"உங்களுக்கும் என் மச்சினன்தான் அடிச்சுக் குடுத்தானா சார்?"