புள்ளி வைத்த பாகங்கள்

வீடு பெருக்கும் ரோபோவிலிருந்து மெக்கானிக் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பேப்பரில் வைக்க வைக்க, அவள் ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள்.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தான். அவள் கண்டுகொள்ளவில்லை.

எல்லாம் கணவன் சொல்லி வைத்ததுதான். வீட்டுக்கு வந்து ரிப்பேர் பார்க்கிறவர்கள், கண்ணசந்தால் நல்ல பார்ட்ஸை உருவிக்கொண்டு பழசை மாட்டிவிடுவார்களாம். என்ன கோளாறு என்றாலும் நானே பார்த்துக்கொள்கிறேன், யாரையும் கூப்பிடாதே என்று, பிறந்தநாள் பரிசாக அதைக் கொண்டுவந்து கொடுத்த அன்றே கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

அவன் பார்ப்பதற்குள் வீடு குப்பைமேடாகிவிடும் என்று அவளே கூப்பிட்டுவிட்டாள். பாதி ஹாலைப் பெருக்குவதற்குள் சார்ஜ் தீர்ந்து சோபாவுக்கு அடியில் படுத்துக்கொள்ளும் ரோபோவை, எத்தனை நாள்தான் கம்பால் குத்தி வெளியே இழுப்பது?

மெக்கானிக் வாய் ஓயாதவன். சக்கரத்தைச் சுற்றுகிற மோட்டார்தான் இதற்குக் கால் என்றான். முன்னால் இருக்கிற சென்சார் கண். பச்சை போர்டு மூளை. பேட்டரி சாப்பாடு.

அவள் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். பார்வை மட்டும் அவன் கையை விட்டு நகரவில்லை. பேச்சுக் கொடுத்தே தலையில் மிளகாய் அரைக்கிறவர்களை அவளுக்குத் தெரியும்.

யாரையும் நம்புவதற்கில்லை. கூடப்பிறந்த தங்கையே நம்பவைத்துக் கழுத்தறுக்கவில்லையா? வேலைக்கு விண்ணப்பம் போட்டதை அவளிடம் மட்டும்தான் சொன்னாள், இதே ஹாலில் உட்கார்ந்து, போனில். அன்றைக்கே சாப்பிடும்போது கணவன் அந்தப் பேச்சை எடுத்தான். யார் சொன்னது என்று கேட்டதற்கு, உன் தங்கையைத் தவிர வேறு யார் என்று சிரித்தான்.

தங்கை குழந்தை மேல் சத்தியம் செய்தாள். ஓட்டைவாய் என்று திட்டி இவள் போனை வைத்தாள். அதோடு பேச்சு நின்றுபோனது. சாயங்காலமானால் கை இன்னும் தானாகப் போனைத் தேடுகிறது.

எல்லாவற்றையும் மாட்டி முடித்து மெக்கானிக் பொத்தானை அழுத்தினான். ரோபோ சுறுசுறுப்பாகக் கிளம்பி ஹாலைச் சுற்றி வந்தது.

பேப்பரில் ஒன்று மிச்சமிருந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான். இரண்டு ஒயர்கள் தொங்கின.

மாட்டிக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டு, இதை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டாள்.

அவ்வளவு நேரம் பேசியவன் இப்போது தயங்கினான்.

"இதுக்குக் கால் உண்டு, கண்ணு உண்டு, காது கிடையாதுக்கா. இது யாரோ தனியா வச்ச மைக். இதுதான் சார்ஜைக் குடிச்சிட்டு இருந்திருக்கு."

நீயே கொண்டுவந்து போட்டிருப்பாய் என்று சொல்ல வாயெடுத்தாள். முடியவில்லை. அது ரோபோவின் வயிற்றிலிருந்து வந்ததை அவளே பார்த்துப் புள்ளி வைத்திருக்கிறாள்.

நெயில் பாலிஷ் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

"எங்க இருந்துச்சோ அங்கயே வச்சு மூடிடுங்க."

மெக்கானிக் அப்படியே செய்துவிட்டுப் போனான்.

கதவைச் சாத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். ரோபோவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தங்கைக்குப் போன் போட்டாள்.

மணி முழுக்க அடித்து ஓயும் நேரத்தில் தங்கை எடுத்தாள்.

இவள் மன்னிப்புக் கேட்டாள், கொஞ்சம் சத்தமாகவே.