கிட்ட வராதே

"கிட்ட வராதேன்னு சொன்னேன் இல்ல!"

சுபாஷ் போட்ட சத்தத்தில், ஓடி வந்த இரண்டு வயது பாரதி அப்படியே நின்று, உதடு பிதுங்கி அழ ஆரம்பித்தாள்.

பக்கத்து வீட்டுக் காசியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"தெனம் இதே கூத்து. வேலை வுட்டு வந்தா புள்ளய தூக்காத அப்பன் எங்கனா உண்டா? ஏம்மா கலையரசி, பொட்டப் புள்ளன்னு கசக்குதா உன் வூட்டுக்காரனுக்கு?"

கலையரசிக்கு முகம் சுண்டிப்போனது. "கேக்கறாங்க இல்ல, சொல்லுங்க. புள்ளய ஏன் வெரட்டறீங்க?"

சுபாஷ் கூலிக்குப் பூச்சி மருந்து அடிப்பவன். முதுகு டேங்கை இறக்கி வைத்துவிட்டு, காசியம்மாளிடம் சொன்னான்.

"ஒடம்பு பூரா மருந்து தெறிக்குதுக்கா. சின்னசேலத்துல எங்கூட அடிச்சவரு, போட்ட சட்டையோட புள்ளயத் தூக்கிட்டாரு. அது ராப்பூரா வாந்தி எடுத்துக்கினு கெடந்துச்சி. அதுலேர்ந்து எனக்கு பயம்."

காசியம்மாள் பாரதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மேல ஓடையில எறங்கி, டேங்கு, சட்டை எல்லாத்தையும் அலசி, தலையோட முழுகிட்டுதான் வூட்டுக்கே வரேன். இங்கயும் இன்னொரு தபா சோப்பு போட்டு குளிச்சாதான் புள்ளயத் தொட மனசு வருது."

"தெரியாம பேசிட்டேம்பா," என்றாள் காசியம்மாள்.

கலையரசிக்குக் கண் கலங்கிவிட்டது. "இத எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா வேலைக்குப் போவாதன்னுவ."

குளித்து முடித்து வந்து மகளைத் தூக்கினான். அழுது ஓய்ந்திருந்த பாரதி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தண்ணி" என்றாள்.

கலையரசி ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தாள். அவனே பிடித்துக்கொண்டு புகட்டினான். தாகம் போல, மடக் மடக்கென்று குடித்தாள்.

"குழாயில தண்ணி வந்துடுச்சா?"

"எங்க வருது? மோட்டாரு இன்னும் ரிப்பேருதான். நீங்க கெளம்பினப்புறம் பொம்பளைங்க எல்லாம் போயி, கீழ பாலத்தாண்ட ஓடை மணல்ல ஊத்து தோண்டி எடுத்துக்கினு வரோம். மேல என்ன அழுக்கு கலந்தாலும் மணலு வடிகட்டிடும். கண்ணாடியாட்டம் இருக்குது பாருங்க."

சுபாஷ் டம்ளரைப் பார்த்தான். ஒரு சொட்டு மிச்சமில்லை. தான் தொடவே பயந்த பிள்ளைக்கு, தன் கையாலேயே அதைக் கொடுத்து முடித்திருந்தான்.