எல்லோருக்கும் மூத்தவர் ஆவாரு

பதிவகத் திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: 'இருவரும் பங்காளிகள். திருமணம் செல்லாது.'

இளவேணிக்குச் சிரிப்புத்தான் வந்தது. வேறு சாதிக்காரன் என்பதற்காக நிலவனை வெட்டத் தேடுகிறார்கள் அவளுடைய அண்ணன்மார். திருமணச் சான்று இருந்தால்தான் போலீஸ் பாதுகாப்பு.

"வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கெடுப்பும்மா," என்றார் எழுத்தர். "ரெண்டு பேர் வம்சமும் ஆவாருங்கிற ஒரே ஆள்கிட்டப் போய் முடியுது."

"அது பேரே இல்ல சார்," என்றாள் இளவேணி. "அப்பல்லாம் பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க. கேட்டா 'அவரு'ம்பாங்க. கணக்கெடுக்க வந்தவன் அதையே பேருன்னு நெனச்சு இங்கிலீஷ்ல 'ஆவாரு'ன்னு தப்பா எழுதிட்டுப் போயிட்டான்."

"எனக்குத் தெரியும்மா. தினம் நாலு ஆவாரு வர்றாங்க. மெஷினுக்கு எல்லாரும் ஒரே ஆளு."

"இப்ப நாங்க என்ன பண்றது?" என்றான் நிலவன்.

"ஒண்ணும் பண்ண வேணாம் தம்பி. பங்காளின்னு வந்தா வீட்டுக்குத் தானாத் தகவல் போயிடும். பெரியவங்க வந்து கூட்டிட்டுப் போவாங்க."

வாசலில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. இளவேணி நிலவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எழுத்தர் எட்டிப் பார்த்தார். "யாரும்மா அவங்க?"

வாசல் கேமராவில் முகங்களைப் பார்த்த திரை அவளை முந்திக்கொண்டது: 'இருவருக்கும் அண்ணன்மார். உள்ளே வரலாம்.'