இடுக்கு

ஆய்வுக்கூடத்துத் திரையில் வடிவு பார்த்தது அவள் கணவரின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த ஒரே ஒரு செல்லை. தலைமுடியைவிடப் பத்து மடங்கு குறுகலான ஓர் இடுக்கின் முன்னால் அது வந்து நின்றது.

"நல்ல செல் இங்கயே சிக்கிக்கும்மா. இது இளகிப்போனது, பாருங்க," என்றார் டாக்டர்.

அது சேமியாவைப் போல நீண்டது. நடுவிலிருந்த கரு நசுங்கி நெளிந்து அந்தப் பக்கம் போனது. போனதும் பழையபடி உருண்டுகொண்டது.

"இப்படித்தான் நுரையீரலுக்குப் போயிருக்கு."

இளகிப்போனதாம், என்று வடிவு நினைத்துக்கொண்டாள். பதினோரு வருடங்களுக்கு முன்னால், விரும்பியவனைக் கட்டிக்கொண்ட மகள் கைக்குழந்தையோடு வெயிலில் நின்று கெஞ்சியும் தாழ்ப்பாளைத் தொடாத மனிதர் அவள் கணவர்.

வார்டுக்குத் திரும்பியபோது மகள் செண்பகம் வாசலில் நின்றிருந்தாள்.

கட்டிலில் கிடந்தவர் தலையைத் திருப்பாமலேயே, "ஏட்டி, கதவ அடை. என் பொணத்தக்கூட அவ பாக்கக் கூடாது," என்றார்.

வடிவு கதவைத் தள்ளினாள். ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு மட்டும் விட்டாள்.

"அடைச்சாச்சு," என்றாள், அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு.