மாதாவுக்கு வாங்கிய புடவை

கடற்காற்று நின்றதும் மணலிலிருந்து சிறு ஈக்கள் எழும்பிக் கடிக்கத் தொடங்கின. யமுனாவின் கைக்குழந்தைக்கு இமையில் கடித்து, வலது கண் வீங்கி முழுக்க மூடிவிட்டது. பார்வைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று அவள் பயந்தாள். கணவன் ஆட்டோ தேடி ஓடியிருந்தான். குழந்தை கண்ணைத் தேய்க்காமலிருக்க அவன் கழற்றிப் போட்டிருந்த சாக்ஸை அதன் கைகளில் மாட்டியிருந்தாள். மாதா கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்றாள். ஜூஸ் கடையில் ஐஸ் கேட்டு வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள். பிறகு பையில் காணிக்கை மெழுகுவத்தியோடு இருந்த புது நீலப் புடவையை உதறி, தாயையும் பிள்ளையையும் சுற்றிக் கூடாரம்போல் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மாதாவுக்கு நேர்ந்துக்கிட்ட புடவையாச்சே."

"அவளும் கைப்பிள்ளைக்காரிதான், கோவிச்சுக்க மாட்டா. நீ ஐஸை அழுத்தாம வையி."

"பால் கக்கிட்டான்க்கா, புடவையெல்லாம் ஆயிடுச்சு."

"கக்கட்டும். அவன் பங்குக்கு அவனும் காணிக்கை போடுறான்."

நீல வெளிச்சத்துக்குள் யமுனா ஐஸை எடுத்து எடுத்து வைத்தாள். வெகுநேரம் கழித்து இமை கீற்றளவு திறந்தது. உள்ளே கருவிழி தெளிவாக அசைந்து, தேடி, அவள் முகத்தில் வந்து நின்றது. குழந்தை சாக்ஸ் கையால் அவள் மூக்கைத் தட்டியது.

"பாக்குறான்க்கா," என்று நிமிர்ந்தாள். புடவையைத் தூக்கிப் பிடித்திருந்த இரு கைகளிலும் தோள்வரை சிவந்த தடிப்புகள்.

"நல்லதும்மா. இப்ப இதக் கொஞ்சம் பிடி, நான் சொறிஞ்சுக்கிறேன்."