சீரகத் தண்ணி

“மாத்திரையை ஒழுங்காப் போடுறதில்லை. போடுறேன்னு பொய் வேற சொல்றீங்க, கனகலட்சுமி” என்றார் டாக்டரம்மா.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

பொய்யா? நானா? தைராய்டு குறைவு என்று சொன்ன நாளிலிருந்து, விடிந்ததும் பல் தேய்த்த வாயோடு அந்தத் துளியூண்டு மாத்திரையை விழுங்குகிறவள் நான். பக்கத்து வீட்டுக் காப்பி வாசம் மூக்கைத் துளைத்தாலும் ஒரு மணி நேரம் வாயைக் கட்டிக்கொண்டு கிடப்பேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வீடு நிறைய ஆட்கள் வந்து படுத்திருந்த அன்றைக்குக்கூட விட்டதில்லை.

ரத்தப் பரிசோதனைத் தாளை டாக்டரம்மா மேசையில் தட்டினார். போன தடவை மாத்திரையின் அளவைக் கூட்டிக் கொடுத்தும், இந்தத் தடவை இன்னும் மோசம்.

“மறந்திருப்பா டாக்டர். இவளுக்குக் கொஞ்சம் மறதி” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் கோமதிசங்கர்.

நல்லாயிருக்கே கதை! வண்டிச் சாவியைத் தினமும் தேடுகிற மனுஷர், எனக்கு மறதி என்கிறார். போன வாரம் மகள் அனுவும் போனில் இதையே சொல்லித் திட்டினாள். அப்பா சொன்னாராம்.

எனக்கு வயிறுதான் பெரிய தொல்லை. இந்த வியாதி வந்தால் வயிறும் மந்தமாகிவிடுமாம். தின்றது செரிக்காது, உப்பிக்கொண்டு நிற்கும், போக வேண்டியதும் போகாது. இதைத் தெரியாத்தனமாக நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். சங்கரன்கோவிலில் வைத்தியர் அல்லாத ஆளே கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பூ வாங்கப் போனால் பூக்காரி கடுக்காய் என்கிறாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் வெந்தயம் என்கிறாள். இவருடைய சிநேகிதர் தங்கப்பழம் ஒரு டப்பாப் பொடியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். நார்ச்சத்து, கால்சியம், இன்னும் என்னென்னவோ மூலிகை. வெறும் வயிற்றில் ஒரு கரண்டி போட்டால் கல்லும் செரிக்குமாம்.

“கல்லு திங்கிறவுகளுக்குக் குடுங்க அண்ணாச்சி” என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். டாக்டர் எழுதாத எதையும் நான் வாயில் வைக்கமாட்டேன்.

அப்படிப்பட்டவளைத்தான் இன்றைக்குப் பொய்க்காரி என்கிறார்கள்.

“எதுல போட்டுக்கிறீங்க? பால்லயா, காப்பியிலயா?”

“தண்ணியிலதான் டாக்டரம்மா. இவுகளே வெந்நி போட்டுக் கொண்டாந்து தாராக.”

சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அடுப்படியை எட்டிப் பார்க்காத மனுஷர், கொஞ்ச மாதமாக டம்ளரும் கையுமாக வந்து என்னை எழுப்புகிறார்.

“வெறும் தண்ணிதானே?”

“ஆமா. சீரகத் தண்ணி.”

எங்கள் ஊரில் சீரகம் போட்டுக் காய்ச்சினாலும் தண்ணீர் தண்ணீர்தான். அதை வேறாக யாரும் சொல்வதில்லை.

டாக்டரம்மா விடவில்லை. கொழகொழவென்று இருக்குமா, அடியில் மண்டி நிற்குமா என்று கேட்டுக்கொண்டே போனார். இருக்கும், நிற்கும், சீரகத்தை நுணுக்கிப் போடுகிறார் போல என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார்.

இவர் ஃபேனைப் பார்த்தார்.

“வயித்துக்கு நல்லதுன்னுதான்... தங்கப்பழம் குடுத்த பொடி. சொன்னா குடிக்க மாட்டால்லா” என்றார்.

அந்தப் பொடி மாத்திரையை உடம்பில் சேர விடாது, இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது வேண்டும் என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். எனக்கு அரைக் காதில்தான் விழுந்தது. பொடி கலந்ததுகூடப் போகட்டும். கலந்தது தன் கைதான் என்று தெரிந்தே ‘மறந்திருப்பா’ என்று சொல்ல எப்படி வாய் வந்தது இந்த மனுஷருக்கு? பெற்ற மகளிடமும் அல்லவா சொல்லி வைத்திருக்கிறார்!

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். இவர் மருந்து வாங்கக் கீழே போய்விட்டார்.

“யக்கா, நீங்க கோமதிசங்கர் அண்ணாச்சி வீட்டுக்காரவுகதானே? போட்டோவுல இன்னும் ஒல்லியா இருந்தீக.”

பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். ஊர் பனவடலிசத்திரமாம், பெயர் முருகம்மாள். முகம் ஊதி, தொண்டை கரகரத்து, அந்த வெயிலிலும் சேலையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். எனக்குத் தெரியாத முகமா அது? தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான்.

எந்தப் போட்டோ என்று கேட்டேன். அவள் ஆசையாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மண்டபத்துல தங்கப்பழம் அண்ணாச்சி பொடி விக்கக் கூட்டம் போட்டாகல்லா, அங்கன உங்க படத்தப் பெருசாப் போட்டுக் காட்டுனாக. தைராய்டு மாத்திரையவே விட்டுட்டு, இந்தப் பொடியிலயே எம்பொஞ்சாதி தேறிட்டான்னு அண்ணாச்சி மைக்கப் பிடிச்சுச் சொன்னாக. உங்களப் பாத்துத்தான்க்கா அன்னைக்கே நானும் மாத்திரைய நிறுத்துனேன்.”

நான் எழுந்தேன். டோக்கன் கூப்பிடட்டும் என்று காத்திருக்கவில்லை. அவள் கையை விடாமல் இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா அறைக் கதவைத் தள்ளினேன்.

எதற்கு இழுக்கிறேன் என்று புரியாமல் அவள் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தாள்.

“பொடிய மட்டும் ஒரு நாளும் விடலக்கா.”